மங்களத்தை நடுவில் வைத்தவர்

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நம் சங்க மலருக்காக ரெஜினா மேரியைப் பற்றி எழுதும்படி செயலாளர் கேட்ட அன்றே, சொல்லவேண்டியவற்றை எண் போட்டு வைத்துக்கொண்டேன். அதை அப்படியே முதலில் தந்துவிடுகிறேன். நடுவில் நான் வழி தவறினால், அவரை அறிந்த நீங்கள் என்னைத் திருப்பிக்கொண்டு வரலாம்.

1. அவர் இறந்த செய்தி எனக்கு வந்த விதம்; அதில் எனக்குள்ள மனக்குறை.
2. இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொன்னவை பொருந்தாதவை. அவர் சாந்தமானவர் அல்லர்.
3. அவருக்குச் சங்கீதம் தெரியாது. அதன் ஒழுங்கு தெரியாமல் அவர் செய்த ஒரு பிழையின் நடுவே, பாட்டின் சக்தியால் என் மனைவி எழுந்து நின்றாள்.
4. அந்தப் பயிற்சிக் கூடத்தின் இன்றைய நிலை.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை யாரோ தடியால் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் நஞ்சுண்டையா. வனத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலற்றுப்போய், பிசியோதெரபி தந்துவந்த ரெஜினாவின் கையில் மறுபடி நடக்கக் கற்றவர். ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்தில் பல வருடப் பழக்கம் என்றாலும் எங்கள் வீட்டுக்கு அவர் அதுவரை வந்ததில்லை. அன்று சரஸ்வதிபுரத்திலிருந்து ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காலையில் பயிற்சிக்குப் போனாராம், கூடம் பூட்டியிருந்ததாம். மஞ்சள் காமாலை, விடியற்காலையில் ரெஜினா போய்விட்டார், உடலை ஊருக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு, இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேனே, இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று கோபித்துக்கொண்டார். அதற்கு நானே பொறுப்பு என்பதுபோல இருந்தது அவர் பார்வை.

என் மனக்குறை இதுதான். ரெஜினா அதே ஆஸ்பத்திரியின் மாடியில் பல நாட்கள் படுத்திருந்திருக்கிறார். அந்த நாட்களில் மனைவியின் மாத்திரைக்காக நான் கீழே மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை; கேட்டவர்களிடம் அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்களாம். விசாரித்ததில், பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லக்கூடாது என்று அவரே தடுத்துவிட்டார் என்று தெரிந்தது. பார்க்க வருகிறேன் என்று ஆளாளுக்கு மாடிப்படி ஏறி விழுந்து வைப்பார்கள் என்றாராம். ஐம்பது வயதுகூட ஆகாதவர். எங்களுக்குப் படி ஏறக் கற்றுக்கொடுத்தவரே எங்களை நம்பாமல் போய்விட்டார் என்று இன்னும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடக்கத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றார் நஞ்சுண்டையா. இரண்டு கிழவர்கள், ஒருவருக்குத் தடி, இன்னொருவருக்கு எதிலும் சந்தேகம். ரெஜினாவின் ஊர் ஹனூருக்கு அப்பால். கொள்ளேகாலில் பஸ் மாறவேண்டும். அங்கே நின்ற பஸ்ஸில் ஏறலாமா, அது வேறு ஊருக்குப் போகுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது போய்விட்டது. அடுத்ததற்காக நின்றோம். பஸ் நிலைய ஊழியரிடம் ஒரே கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்டதில், அவர் முதலில் கன்னடத்திலும், பிறகு தமிழிலும், கடைசியில் கைச் சைகையிலும் பதில் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பேண்டுக்காரர்கள் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடையில் நின்றார்கள்.

ரெஜினாவின் அண்ணன் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கடுங்காப்பி கொடுத்தார். பிறகு அவராகவே சொன்னார். “சின்னப் புள்ளையில கோயில் பேண்டுல டிரம்மு அடிக்கோணும்னு ஒரே அடமுங்க. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு எங்கப்பா குச்சியத் தொடவே உடலைங்க. இன்னைக்கு அதே டிரம்முதான் அவளுக்கு முன்னால போச்சு.” நஞ்சுண்டையாவுக்கு இதை நான் கன்னடத்தில் சொன்னேன். அவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

அடுத்தது இரங்கல் கூட்டம். அதைப் பயிற்சிக் கூடத்திலேயே வைத்தார்கள். பயிற்சிக்கான சாமான்களைச் சுவரோரமாக ஒதுக்கி, நாற்காலி போட்டு, படத்துக்கு மாலை சாத்தியிருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் அவரைத் தென்றல் என்றார். இன்னொருவர் அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார். நஞ்சுண்டையா என் பக்கம் குனிந்து, இவர்கள் வேறு யாரையோ அடக்கம் செய்கிறார்கள் என்று முணுமுணுத்தார். என் சட்டைப் பையில் குறிப்புகள் இருந்தன. வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். எழுந்திருக்கலாம் என்று நான் முடிவு செய்வதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் குறிப்புகளை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

உண்மை என்னவென்றால் ரெஜினா அதிர்ந்துதான் பேசுவார். குள்ளமான உருவம், கனத்த குரல். தமிழில் தொடங்கிய அதட்டலைக் கன்னடத்தில் முடிப்பார். நாங்கள் முதலில் அவரிடம் போனபோது காவிரித் தகராறு ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை; பொது இடத்தில் தமிழில் உரக்கப் பேசாதே என்று மனைவியிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். அவரோ வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, “ஏனுங்கம்மா, இன்னும் படுத்துட்டா இருக்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டே வருவார். அவரை யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டால் பிடிக்காது. “சிஸ்டரு வந்தா ஊசி போடுவாங்க, வலி போயிரும். நான் வந்தா வலி வருமுங்க. சிஸ்டருன்னு கூப்புட்டு அவங்க பேரைக் கெடுக்காதீங்க” என்பார்.

நான் அவரை அறிந்தது என் மனைவி விசாலத்தினால். வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்து தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, இனி எழுந்து நிற்கவேண்டியது அவர் பொறுப்பு, நாட்களைக் கடத்தினால் கடைசிவரை கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசாலம் எழவில்லை. பயம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். தூக்க வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பம்பாயிலிருந்த மகள் தொலைபேசியில், அப்பா, அம்மாவை இப்படியே விட்டால் உங்களால் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று எனக்குத் தெரியும். அவளிடம் பார்க்கலாம் என்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியை நான் கையாண்டேன். எந்த நேரத்தில் உட்காருவது, எந்த நேரத்தில் நிற்பது என்று கட்டம் போட்டு எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். ரெஜினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை முழுவதும் படித்தார்.

“ஏனுங்க சார், நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. இதுல எந்திரிக்கறது யாருங்க, நீங்களா அம்மாவா?”

விசாலம் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். விழுந்தபின் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் செலவில் சிரித்தாள் என்பதால் எனக்கு அப்போது சந்தோஷப்படத் தோன்றவில்லை.

இனி மூன்றாவது குறிப்பு. கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது.

முதியவர்களைப் பயிற்சி செய்யவைக்க ரெஜினா பாட்டைப் பிடித்துக்கொண்டார். நகருங்கள் என்று வாயால் சொன்னால் நகராதவர்கள் தாளத்துக்கு நகர்வார்கள் என்பது அவர் எண்ணம். சொந்தமாக ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். ஆரம்பத்தில் எதுவும் சரிப்படவில்லை. ஏதோ பள்ளிக்கூட அணிவகுப்புக்கான பேண்டு இசையைப் போட்டார். எல்லோரும் யாருடைய ஊர்வலமோ போகிறது, போய் முடியட்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று நஞ்சுண்டையா கேட்டார். பிறகு சினிமாப் பாட்டு. அதில் தமிழ் எத்தனை, கன்னடம் எத்தனை, ஹிந்தி எதற்கு என்று சண்டை வந்தது. “காலுக்கு ஏதுங்க பாஷை?” என்று அதட்டிப் பார்த்தார். ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். ஒரு பாட்டிக்கு அழுகை வந்துவிட்டது; அவர் மகன் மேலிடத்தில் புகார் செய்தார்.

கடைசியில் பஜனைப் பாடல்கள் அடங்கிய ஒரு கேசட்டைப் போட்டார். இது எல்லோருக்கும் பிடித்தது. பிடித்ததுதான் தொல்லை. நம்மவர்கள் பாட்டை உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்கள். கண் மூடிக்கொள்ளும், தலை அசையும், கை தொடையில் தாளம் போடும். இடுப்புக்குக் கீழே ஒன்றும் நடக்காது. ரெஜினா வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, “கழுத்தை ஆட்டறதுக்கு ஆஸ்பத்திரி வேண்டாமுங்க. காலை ஆட்டுங்க” என்றார். பாட்டின் நடுவில் பேசுகிறாரே என்று அவரை முறைத்தார்கள். நானும் மனத்துக்குள் முறைத்தேன்.

ஒரு நாள் அவர் வேறு ஒருவரின் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததில், கேசட் நிறுத்துவாரின்றிக் கடைசிவரை ஓடி மங்களம் வந்தது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மங்களம் பாடினால் கச்சேரியோ பஜனையோ முடிந்தது என்று பொருள். பஜனையில் அப்போது கற்பூரம் காட்டுவார்கள், எல்லோரும் எழுந்து நிற்போம். அன்று அந்தக் கூடத்தில் கற்பூரமும் இல்லை, சாமி படமும் இல்லை. ஆனாலும் நாற்காலிக் கைகளில் உள்ளங்கைகள் ஊன்றின. முதுகுகள் முன்னால் சாய்ந்தன. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். வலக்கால் தன்னுடையதே இல்லை என்று அதுவரை சாதித்துவந்த நஞ்சுண்டையா அதைத் தரையில் பதித்து, இடக்கையால் கம்பியைப் பிடித்து, எழுந்து நின்றார்.

ரெஜினா வந்து பார்த்தார். எல்லோரையும் உட்காரவைத்தார். கேசட்டைப் பின்னால் ஓட்டி மங்களத்தை மறுபடி போட்டார். மறுபடி எழுந்தார்கள். மூன்றாவது தடவை போட்டதும் கூடத்தில் கூச்சல்.

“மங்கள ஹாடித மேலே மத்தே கச்சேரியா?” என்று நஞ்சுண்டையா நின்றபடியே கத்தினார். மங்களம் பாடியபின் மறுபடியும் கச்சேரியா என்பது கேள்வி.

“நிக்கறீங்களே சார், அது போதும்” என்றார் ரெஜினா.

அன்று முதல் அந்தக் கூடத்தில் மங்களம் முதலில் வரும், நடுவில் வரும், முடிவில் வரும். உட்கார், மங்களம், எழு. உட்கார், மங்களம், எழு. முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். இப்படிச் செய்யக்கூடாது என்று அவரிடம் விளக்கிச் சொல்ல நான் பலமுறை வாயெடுத்தேன். அவர், “சொல்லுங்க சார்” என்றதும், மருந்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது கேட்டுவிட்டு வருவேன். அவருக்கு அது ஒரு விசில், அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்தேன். அவரே ஒருமுறை சொன்னாரே: “எனக்குப் பாட்டு எதுக்குங்க? அடி இருந்தாப் போதும்.”

எழாதவள் விசாலம் ஒருத்திதான். சக்கர நாற்காலியில் கூடத்துக்கு வந்து, மடியில் கை வைத்துக்கொண்டு இருப்பாள். சின்ன வயதில் முறையாகப் பாட்டுக் கற்றவள். தாளம் அரை இம்மி பிசகினால் முகம் மாறிவிடும். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நிற்க, அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீயும் முயன்று பாரேன் என்று கெஞ்சினேன். “ஸ்வல்ப சும்மா இருங்க. எனக்கு எல்லாம் முடிஞ்சுபோன கச்சேரி” என்றாள். அன்றிரவு மகளுக்குத் தொலைபேசி செய்து, பம்பாயில் கீழ்த்தள வீடு கிடைக்குமா என்று கேட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், எல்லோரும் போனபின் ரெஜினா எங்களை இருக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பித் தாங்கி ஒன்று சாமான் அறையில் இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்று என்னை அனுப்பினார். சாமான் அறை வராந்தாவின் மறுகோடியில். சாவி ஒருவரிடம், அவர் இன்னொரு கட்டடத்தில். நான் தாங்கியைத் தூக்கிக்கொண்டு வரும்போது மங்களம் பாதியில் நின்றது. உள்ளே நுழைந்தேன். விசாலம் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை ஜன்னல் கம்பியில், இன்னொரு கை டேப் ரெக்கார்டரின் மேல். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. முகம் சிவந்திருந்தது. ரெஜினா அவள் பின்னால் ஒட்டி நின்று, இடுப்பில் கட்டியிருந்த பட்டியைப் பிடித்திருந்தார்.

“தாங்கியை இங்க வையுங்க சார். அழுகறதை அப்புறம் வெச்சுக்கலாம்” என்றார்.

இதுதான் நான் பார்த்தது. விசாலம் அதன்பின் படிப்படியாக நடந்தாள். இன்றும் சற்றே சாய்ந்து நடக்கிறாள், ஆனால் நடக்கிறாள். நாங்கள் பம்பாய்க்குப் போகவேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் நான். ஒன்றை அடுத்து இன்னொன்று நடந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்று வகுப்புகளில் சொல்லிச் சொல்லி ஓய்வு பெற்றவன். இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கற்ற சங்கீதம் அவள் உடம்புக்குள் எங்கோ இருந்தது, ரெஜினா அறியாமல் போட்ட மங்களம் அதைத் தொட்டு எழுப்பிவிட்டது என்று உறவினர்களிடம் சொன்னேன். நம் சங்கத்தில் உங்களில் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னிடம் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் பெற்றோரை அந்தக் கூடத்துக்கு அழைத்துச் சென்றவர்களும் உங்களில் உண்டு.

நான்காவது, கூடத்தின் இன்றைய நிலை. இதை எழுதும்போது எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

புதிதாக ஓர் இளைஞர் வந்திருக்கிறார். நன்றாகப் படித்தவர், மரியாதையானவர், ஒன்று இரண்டு என்று ஆங்கிலத்தில் நிதானமாக எண்ணுகிறார். எண்ணிக்கை முடிவதற்குமுன் பாதிப்பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர் ஒன்றும் சொல்வதில்லை. டேப் ரெக்கார்டர் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது. அது ஆஸ்பத்திரிச் சொத்தா ரெஜினாவுடையதா என்று தீர்மானமாகாததால் யாரும் தொடக்கூடாதாம். நஞ்சுண்டையா எழும்போது தானே மங்களத்தை முனகுகிறார். மற்றவர்களுக்கு இடைஞ்சல், வேண்டாம் என்று அந்த இளைஞர் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நானும் நஞ்சுண்டையாவும் நிர்வாக அதிகாரியைப் பார்க்கப் போனோம். பேசவேண்டியதை நான் முன்பே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். இசையால் முதியவர்கள் எழுகிறார்கள், என் மனைவியே சாட்சி, அந்த டேப் ரெக்கார்டரைக் கொடுங்கள் என்றேன். அவர் நல்லபடியாகத்தான் கேட்டார்: “ஒருத்தர்தானே சார்? நீங்களே ஸ்டாடிஸ்டிக்ஸ் புரொபசர் அல்வா?” அல்லவா என்பதை மட்டும் கன்னடத்தில் கேட்டார்; நான் வணக்கம் சொல்லி எழுந்துவிட்டேன். வெளியே வந்ததும் நஞ்சுண்டையா, என்னை ஏன் காட்டவில்லை, நானும்தானே எழுந்தேன், ஒருவர் எப்படி ஆயிற்று என்று என்மேல் பாய்ந்தார். நியாயமான கேள்வி. அந்த அறையில் எனக்கு அது தோன்றவேயில்லை.

ரெஜினாமேலும் எனக்குக் கோபம் உண்டு. யாருக்கு எந்தப் பாட்டு, எந்த வேகம், எத்தனை தடவை என்று எழுதி வையுங்கள், உங்களுக்குப்பின் வருகிறவர்களுக்கு உதவும் என்று நான் கேட்டிருக்கிறேன். நானே கட்டம் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். “எழுதி வெச்சா அதைப் படிச்சுட்டு உக்காந்திருப்பாங்க சார்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது படிப்பதற்கும் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று பல நாள் யோசித்தேன். அன்பு, சேவை என்று எழுதினால் அந்த மேடைப் பேச்சாகிவிடும். நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பொறுமையின்மையை. முடியாது என்று ஒருவர் சொன்னதும் நான் உடனே ஒப்புக்கொண்டுவிடுவேன். அது மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். மனிதர்கள் உட்கார்ந்தே இருப்பதை அவரால் பொறுக்க முடியாது. அதில் ஒரு சிறு பங்கு எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் எரிச்சல்படக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு இன்னொரு முறை அந்த அதிகாரியிடம் போவேன்.

இந்த இடத்தில் முடித்திருக்கவேண்டும். ஆனால் அச்சுக்குக் கொடுக்குமுன், இதுவரை எழுதியதை நேற்று மாலை விசாலத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாவது குறிப்பு வந்ததும் உரிப்பதை நிறுத்தினாள்.

“பாட்டா என்னை எழுப்பிச்சு? அதை அணைக்கத்தாங்க எழுந்தேன்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். அந்த நாளுக்குக் கொஞ்சம் முன்பு ரெஜினா அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாட்டுக்கு ஏன் எல்லோரும் எழுகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். விசாலம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மங்களம் ஒரு தடவைதான், அதற்குமேல் ஒன்றும் கிடையாது. பாடி முடித்ததை மறுபடி பாடுவது சாப்பிட்டு மடித்த இலையைப் பிரித்து மறுபடி சாதம் போடுவதைப் போல என்று சொல்லியிருக்கிறாள். ரெஜினா ராகம், தாளம், பஜனை, கச்சேரி என்று நெடுநேரம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். கடைசியில், கேட்கவே பொறுக்கவில்லையா என்றாராம். பொறுக்கவில்லை, காலிருந்தால் எழுந்தே போயிருப்பேன் என்றாளாம் இவள்.

அன்று என்னைத் தாங்கி எடுத்துவர அனுப்பியபின், டேப் ரெக்கார்டரை ஜன்னல் விளிம்பில் வைத்து, மங்களத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். இவளுடைய நாற்காலியை எட்டாத தூரத்தில் நிறுத்தி, இடுப்பில் பட்டியைக் கட்டியிருக்கிறார். நிறுத்து என்று இவள் கேட்டாள், கெஞ்சினாள், பிறகு திட்டினாள்.

“புடிக்கலைன்னா வந்து அணைச்சுக்கங்கம்மா. நான் அணைக்க மாட்டேன்.”

இவள் எழுந்தாள். திட்டிக்கொண்டே போய் அணைத்தாள். அப்போதுதான் நான் தாங்கியோடு உள்ளே வந்திருக்கிறேன்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பாட்டு எழுப்பிச்சு, பாட்டு எழுப்பிச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க. அவ்வளவு சந்தோஷமா உங்களை நான் பார்த்ததே இல்லை. சாருக்குச் சொல்ல வேண்டாம்மான்னு ரெஜினாவும் சொல்லிட்டா” என்றாள். பிறகு காயை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

அதிகாரியிடம் நான் போய்க் கேட்டது டேப் ரெக்கார்டரை. அலமாரியைத் திறந்து அவர் அதைக் கொடுத்தாலும், எந்த மனுஷியால் எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் அதற்குள் இல்லை. ஹனூருக்கு அப்பால் அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் அதற்கும் தாமதமாகத்தான் போனோம்.

மூன்றாவது குறிப்பைத் திருத்தி எழுத இரவு முழுவதும் முயன்றேன். திருத்த வரவில்லை. நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டு நம்பிய கதை அது என்பதால் அடிக்காமலே விட்டிருக்கிறேன். அது தவறு. பாட்டு எழுப்பவில்லை, பிழையும் நடக்கவில்லை. மங்களத்தை எங்கே வைக்கவேண்டும் என்பது ரெஜினாவுக்குத் தெரியும்.